பாட்டு நின்ற பிறகு

சத்தியமங்கலத்திலிருந்து பவானிசாகர் போய், அணையைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்கினால், பாதை முடிகிற இடத்தில் மாயாறு குறுக்கே வரும். பரிசலில் அக்கரை போனால் தெங்குமரஹாடா. மாவட்டக் கணக்கில் அது நீலகிரி. ஆனால் போக்குவரத்தெல்லாம் எங்கள் பக்கம்தான். 1948-ல் கூட்டுறவுப் பண்ணைச் சங்கம் வைத்து, காடு திருத்தி வயலாக்கிய ஊர். சுற்றிலும் யானைக்காடு, ஆற்றில் முதலை. இப்போது அந்த ஊரையே காட்டைவிட்டு வெளியே குடியமர்த்தும் பேச்சு நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது.

தமிழ்நாடு முழுக்க அந்த ஊரைக் கண்ணாரப் பார்த்தது 1976 மே மாதத்தில். 'அன்னக்கிளி' அங்கேதான் எடுக்கப்பட்டது. தேவராஜ் - மோகன் இயக்கம், ஆர். செல்வராஜ் கதை, பஞ்சு அருணாசலம் வசனம், படம் கறுப்பு வெள்ளை. அந்தப் படத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் பேச்சு நேராக இளையராஜாவிடம் போய் நிற்கும். அவருக்கு அது முதல் படம், பேசத்தான் வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் அதைச் சுஜாதா படம் என்று சொல்கிற ஒருத்தர் இருந்தார். என் அத்தை.

அத்தைக்குப் பூக்கட்டுகிற வேலை. கை நாரில் இருக்கும், கண் எங்கேயோ இருக்கும். அவர் சினிமா பார்த்ததும் அப்படித்தான். எல்லோரும் கதையைப் பார்த்தால், அவர் ஒரு ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். "அந்தப் புள்ள நடந்து வாரதப் பாரு கண்ணு. ஆருக்காகவும் நடக்குல. அதுபாட்டுக்கு நடக்குது." சுஜாதாவின் நடிப்பைப் பற்றி இதைவிடச் சரியாக ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதுவரை நம் படங்களில் கிராமத்துப் பெண் என்றால் இடுப்பில் குடம் இருக்கும், நடையில் துள்ளல் இருக்கும், எதிரே யாரோ பார்க்கிறார்கள் என்ற நினைப்பு உடம்பு முழுக்க இருக்கும். சுஜாதா நடித்த அன்னம் வேலைக்குப் போகிறவளின் நடை நடந்தாள். பாதம் முழுசாக மண்ணில் படும். தலை கொஞ்சம் முன்னே சாய்ந்திருக்கும். கால் போகிற வேகத்துக்குக் கண் அவசரப்படாது.

இலங்கையின் காலியில் 1952 டிசம்பரில் பிறந்த மலையாளப் பெண் அவர். 'அன்னக்கிளி' வந்தபோது 23 வயது. அந்தப் பெண்ணை மாயாற்றங்கரையில் கொண்டுவந்து விட்டார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவள் போல அவர் அந்த மண்ணில் நின்றார். கல்யாண வீட்டுக்கு நெல் குத்துகிற அந்தப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலக்கை விழுகிற கணக்கிலேயே மெட்டு நடக்கும். உழைக்கிற கைக்குத் துணையாகப் பிறந்த பாட்டு அது. மச்சானைத் தேடுகிற அந்த இன்னொரு பாட்டில் எஸ். ஜானகியின் குரல் மலை இடுக்கில் தண்ணீர் இறங்குவது போல இறங்கும். அந்தக் குரலுக்கு உதடு கொடுத்தவர் சுஜாதா. இதில் ஒரு நயம் இருக்கிறது. ஜானகியின் குரல் குழையும், கொஞ்சும். சுஜாதாவின் முகம் அந்த அளவுக்குக் கொஞ்சாது. குரல் பத்துப் பங்கு சொன்னால் முகம் ஏழு பங்கு சொல்லும். மிச்சம் மூன்று பங்கை அவர் தனக்கென்று வைத்துக்கொள்வார். அன்னம் என்ற பெண்ணுக்குள் நமக்குத் தெரியாத ஏதோ இருக்கிறது என்ற எண்ணம் அந்த மூன்று பங்கிலிருந்துதான் வருகிறது.

கதையில் அந்த ஊருக்கு ஒரு டூரிங் கொட்டகை உண்டு. தேங்காய் சீனிவாசன் அதன் முதலாளி. கடைசியில் அந்தக் கொட்டகை தீப்பற்றி எரியும். குழந்தையைக் காப்பாற்றிவிட்டு அன்னம் உயிரை விடுவாள். சினிமாக் கொட்டகைக்குள் ஒரு பெண் கருகிப் போகிற காட்சியை, இன்னொரு சினிமாக் கொட்டகையில் மணல் கூட்டி உட்கார்ந்து என் அத்தை பார்த்திருக்கிறார். அன்று அவருக்கு அது வெறும் கதை. எனக்கு இன்று அந்தக் காட்சியை அவ்வளவு லேசாகக் கடக்க முடியவில்லை.

சுஜாதா போன வழியைக் கணக்காகவே சொல்லிவிடலாம். 1974-ல் கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை'யில் ஒரு குடும்பத்தையே தோளில் சுமந்த கவிதா, சுஜாதா. 1977-ல் 'அவர்கள்' படத்தில் அனு. அதில் அவரைக் கொடுமைப்படுத்துகிற கணவன் ரஜினிகாந்த். படம் முடியும்போது அனு எந்த ஆணையும் நம்பாமல், கைக்குழந்தையோடும் மாமியாரோடும் ரயில் ஏறிப் போகிறாள். அப்படிப் போனவர் 1988-ல் 'கொடி பறக்குது' படத்தில் ரஜினிக்குத் தாயாக வந்து இறங்கினார். 1993-ல் 'உழைப்பாளி'யில் மறுபடியும் தாய். 2002-ல் 'பாபா'விலும் தாய். ரஜினி 1950 டிசம்பரில் பிறந்தவர். தாய், மகனைவிட இரண்டு வயது இளையவர்.

'உழைப்பாளி' பார்த்துவிட்டு வந்த அன்று அத்தை நாரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏங்கண்ணு, அன்னிக்கிப் புருசன், இன்னிக்கி மவனா?" நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இந்தக் கணக்கு ஒருவரோடு முடிவதில்லை. 1981-ல் 'நெற்றிக்கண்' படத்தில் அப்பா ரஜினிக்கு மனைவி லட்சுமி. மகனும் ரஜினிதான் என்பதால் ஒரே படத்தில் அவருக்கு மனைவியும் ஆனார், அம்மாவும் ஆனார். 1999-ல் 'படையப்பா' வந்தபோது மனைவி என்ற பாதி கழன்றுபோய் அம்மா மட்டும் மிஞ்சியது. ஸ்ரீதேவியின் கதை தலைகீழ். 1976-ல் 'மூன்று முடிச்சு' வந்தபோது அவருக்கு 13 வயது. அதில் ரஜினியின் அப்பாவைக் கட்டிக்கொண்டு அவருக்குச் சித்தியாகிவிடுவார். பிறகு பல படங்களில் அவருக்கே ஜோடி. நம் சினிமாவில் பெண்ணின் வயது பிறந்த தேதியிலிருந்து எண்ணப்படுவதில்லை. பக்கத்தில் நிற்கிற ஆணுக்கு இன்று அவள் என்ன முறை வேண்டும் என்பதிலிருந்து எண்ணப்படுகிறது.

இதற்காக எந்த நடிகரையும் குறைசொல்லிப் பயனில்லை. ஒரு படம் பூஜை போடும்போதே கோயம்புத்தூர் ஏரியா, மதுரை ஏரியா என்று வியாபாரம் பேசுவார்கள். அப்போது முதல் கேள்வி, ஹீரோ யார்? ஹீரோயின் யார் என்பது பத்தாவது கேள்வி. கதை குடியிருப்பதே ஹீரோ வீட்டில். அந்த வீட்டில் பெண்களுக்கு இருக்கிற அறைகள் மூன்றோ நான்கோதான். காதலி, தங்கை, அண்ணி, அம்மா. ஒரு அறையைக் காலி செய்தால் அடுத்த அறை. 'கல்யாணம் ஆனா மார்க்கெட் போயிரும்' என்ற பேச்சு வேறு. பிறகு தொலைக்காட்சி வந்து ஒரு வாசலைத் திறந்தது. 1999-ல் தொடங்கிய 'சித்தி'யில் ராதிகா, சினிமா தராத நடு வயதுக் கதாநாயகியைத் தானே தயாரித்து எடுத்துக்கொண்டார். காரணங்கள் இவ்வளவுதான், எல்லோருக்கும் தெரிந்தவைதான். எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது வேறு. அந்த அம்மா என்கிற அறைக்குள் போன பிறகு இவர்கள் என்ன செய்தார்கள் என்பது.

அங்கே முதலில் போவது பாட்டு.

நம் சினிமாவில் உதட்டசைத்துப் பாடுவதுதான் ஒருத்தி கதாநாயகி என்பதற்கு அத்தாட்சி. பாட்டில் அவள் மனசு திறக்கும். அவளுக்கு என்ன வேண்டும், யார் வேண்டும், ஏன் தூக்கம் வரவில்லை என்பதெல்லாம் பாட்டில்தான் வெளியே வரும். அம்மாவானதும் அந்த உதடு நின்றுவிடுகிறது. அப்புறம் போவது வசனம். பேசுகிறவன் மகன், கேட்கிறவள் தாய். அவன் சபதம் எடுப்பான், இவள் கேட்பாள். அவன் காதலைச் சொல்வான், கோபப்படுவான், ஊரைவிட்டுப் போகிறேன் என்பான், இவள் கேட்பாள். கேமரா பாதி நேரம் அவன் முகத்தில் இருக்கும். மீதி நேரத்தில் ஒரு விநாடியோ இரண்டு விநாடியோ இவள் முகத்துக்கு வரும். 20 வயதில் முழுப் பாட்டுக்கும் நடித்தவர்கள் 40 வயதில் அந்த இரண்டு விநாடிக்கு நடிக்க வேண்டும். கேட்கிற முகம் என்பது ஒரு தனிக்கலை. தமிழில் அந்தக் கலையை வளர்த்தவர்கள் கதாநாயகி வேடம் பறிபோன நடிகைகள்.

சுஜாதாவுக்கு இது இயல்பாக வந்தது. முகத்தில் மூன்று பங்கை எப்போதுமே தனக்கென்று வைத்துக்கொண்டவர் அல்லவா? 1984-ல் 'விதி'யில் அவர் வக்கீல். நீதிமன்றம் என்பதால் பெண்ணுக்குப் பேச இடம் கிடைத்த படம் அது. அந்த வாதங்கள் ஒலிநாடாவாகி, எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பாட்டுக்குப் பதிலாக ஒலிபெருக்கியில் ஓடின. மணமேடையில் தாலி ஏறுகிற வீட்டில், ஏமாற்றப்பட்ட ஒரு பெண்ணுக்காக வாதாடுகிற குரல்! ஒலிநாடாவில் கேட்டவர்களுக்குக் கிடைக்காத ஒன்று படத்தில் உண்டு. எதிர்த்தரப்பு பேசும்போது அவர் கேட்கிற விதம். தாடை மட்டும் இறுகும், கண் தாழாது. பதில் அப்போதே அவர் வாயில் தயாராக இருப்பது நமக்குத் தெரியும். ஆனால் தன் முறை வரும்வரை அதைத் திறக்கமாட்டார். பிற்பாடு வந்த அம்மா வேடங்களிலும் அந்தத் தாடை அப்படியே இருந்தது. முறைதான் வரவேயில்லை.

கேட்கிற முகத்துக்கு இலக்கணம் சொல்லச் சொன்னால் நான் ஸ்ரீவித்யாவைக் காட்டுவேன். எம்.எல். வசந்தகுமாரியின் மகள். கேட்பது அவர் வீட்டுச் சொத்து. கச்சேரி வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், பாடுகிறவரைப் போலவே கேட்கிறவருக்கும் ஒரு தாளம் உண்டு. 1975-ல் 'அபூர்வ ராகங்கள்' வந்தபோது அவருக்கு 22 வயது. வளர்ந்த மகளுக்குத் தாயான பாடகி பைரவியாக நடித்தார். அவரைத் தேடி வாசல்கதவைத் தள்ளிக்கொண்டு வருகிற கணவனாகத்தான் ரஜினி திரையில் அறிமுகமானார். 16 வருஷம் கழித்து, 1991-ல் 'தளபதி'. இப்போது ரஜினி மகன், ஸ்ரீவித்யா தாய். அவருக்கு 38 வயது. மகனுக்கு 40.

'தளபதி'யில் ஒரு கோயில் காட்சி. பிறந்த குழந்தையைக் கூட்ஸ் ரயிலில் விட்டுவிட்ட தாய் கல்யாணி. அந்தப் பக்கம் சூர்யா நிற்கிறான். தாய்க்கு மகனைத் தெரியாது, மகனுக்குத் தாயைத் தெரியாது. எங்கோ தூரத்தில் ரயில் கூவுகிறது. அவ்வளவுதான் காட்சி. பேச்சு இல்லை. இந்த இடத்தில் ஸ்ரீவித்யா செய்ததைப் பாருங்கள். சத்தம் வந்த திசைக்கு அவர் கண்ணைத் திருப்புவதற்கு முன்பே முகம் மாறிவிடுகிறது. காதில் விழுந்ததும் முதலில் அசைவது வயிறு; அது முகத்துக்கு வந்து சேர ஒரு நொடி ஆகிறது. அந்த நொடியை அவர் விட்டுக் காட்டுகிறார். பிறகுதான் அந்தப் பெரிய கண்கள் நிறைகின்றன. அழுகை வருகிறது, ஆனால் வடிவதில்லை. வடிந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் ஏன் என்று கேட்பார்கள். பல வருஷமாக அப்படி வடியாமல் பார்த்துக்கொண்டவளின் பழக்கம் அந்த இமையில் இருக்கிறது. வேறொருவர் நடித்திருந்தால் சட்டென்று திரும்பி, மார்பில் கை வைத்து, தேம்பியிருப்பார். நமக்கும் புரிந்திருக்கும். ஆனால் இவள் இதே சத்தத்தை இதற்கு முன்பு ஆயிரம் முறை கேட்டவள் என்பது புரிந்திருக்காது.

இன்னொரு நுணுக்கமும் அங்கே இருக்கிறது. அந்தப் படத்தின் தாலாட்டைப் பாடியவரும் எஸ். ஜானகிதான். மெட்டும் இளையராஜாவுடையதுதான். தெங்குமரஹாடாவில் சுஜாதாவின் உதட்டில் இருந்த அதே குரல். 15 வருஷத்தில் அது உதட்டைவிட்டுப் பின்னணிக்கு நகர்ந்துவிட்டது. தாயின் மனசைப் பாட்டு சொல்கிறது, ஆனால் தாய் பாடவில்லை. தன் பாட்டையே வேறு யாரோ பாடுவது போலக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். நடிகைக்கு நடு வயதில் என்ன நடக்கிறது என்று யாராவது கேட்டால், இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் போதும்.

1989-ல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் ஸ்ரீவித்யா கமலுக்குத் தாய். மகனைவிட ஒரே ஒரு வயது மூத்தவர். காதல் கைகூடாமல், தன் உயரத்தை நொந்து உயிரைவிடப் போகிற மகன் அப்புவைத் தடுத்து, அவன் பிறப்பின் கதையைச் சொல்கிற இடத்தில் அவருக்குக் கொஞ்சம் வசனம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னால் மகனின் அழுகையை அவர் கேட்கிறார். தான் குடித்த விஷம்தான் இவன் உடம்பு என்று தெரிந்த ஒருத்தி கேட்கிற விதம் அது. அதில் இரக்கத்தைவிடக் குற்ற உணர்ச்சி ஒரு படி அதிகம்.

எங்கள் சத்தியமங்கலத்துப் பூ மார்க்கெட்டுக்கு விடிகாலையில் வந்தால் மல்லிகை மூட்டைகளைப் பார்க்கலாம். பெண்ணைப் பூ என்று சொல்வது தேய்ந்துபோன பேச்சு, எனக்கும் பிடிக்காது. ஆனால் இந்த ஊர்க்காரனுக்குப் பூ உவமை இல்லை, கிலோ. ஏலத்தில் விலை போவது மொட்டு. முகூர்த்த நாளில் கிலோ ஆயிரங்களில் ஏறும், மறுநாள் சரியும். விலை சரிந்தால் பூ சென்ட் ஃபேக்டரிக்குப் போகும். இதில் அத்தை அடிக்கடி சொல்கிற ஒன்று உண்டு. மொட்டில் வாசம் கிடையாது. சாயங்காலம் விரிந்த பிறகுதான் மல்லிகை மணக்கும். சென்ட்டுக்காரனுக்கு அது தெரியும், அவனுக்கு வேண்டியது விரிந்த பூ. மாலை கட்டுகிறவனுக்கு வேண்டியது மொட்டு. இரண்டு பேரும் ஒரே பூவுக்குத்தான் விலை சொல்கிறார்கள். நம் சினிமா மாலை கட்டுகிற கடையாகவே இருந்துவிட்டது.

எப்போதாவது சென்ட்டுக்காரன் கண்ணில் பூ படும். 1985-ல் பாசிலின் 'பூவே பூச்சூடவா' அப்படிப்பட்ட படம். கோவை பட்சிராஜா தயாரித்த 'மரகதம்' படத்தில் 1959-ல் சிவாஜிக்கு ஜோடியாக ஆடிய பத்மினி, கல்யாணமாகி அமெரிக்கா போய், 50 வயதைக் கடந்த பிறகு இதில் பாட்டியாக வந்தார். தனியாக இருக்கிற கிழவி. தெருப் பிள்ளைகள் விளையாட்டுக்கு வாசல் மணியை அடித்துவிட்டு ஓடுகிறார்கள் என்று மணியையே கழற்றிப் போட்டுவிடுகிறாள். கடைசியில், பேத்தி திரும்பி வருவாளா மாட்டாளா என்று தெரியாத நிலையில், அதே மணியை எடுத்து மறுபடியும் மாட்டுகிறாள். கேட்கவே பிடிக்காதவள், கேட்பதற்காகவே இனி உயிரோடு இருக்கப் போகிறாள். 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் நாதஸ்வரத்துக்கு எதிர்நின்று ஆடிய அந்தக் கால்கள் இங்கே ஆடவில்லை. ஒரு மணியை மாட்டுகிற கை மட்டும்தான் நடிக்கிறது. பத்மினியின் ஆட்டங்களில் பாதியை மறந்தவர்களுக்கும் அந்த மணி நினைவிருக்கிறது.

கதாநாயகி என்கிற நாற்காலியை நம்பி இருக்காததால் தப்பித்தவர்களும் உண்டு. கோபி வட்டாரத்தில் எடுக்கப்பட்ட 'சின்னத் தம்பி'யில் 1991-ல் பிரபுவுக்குத் தாயாக வந்தவர் மனோரமா. அந்த நாற்காலியில் அவர் நிலையாக உட்கார்த்தி வைக்கப்படவில்லை. அதனால் அவரை எழுப்பிவிடவும் ஒருவராலும் முடியவில்லை. ஆயிரம் படங்களைத் தாண்டினார். எங்கள் கோவை சரளாவும் அப்படித்தான். 1995-ல் 'சதிலீலாவதி'யில் கமலுக்கு மனைவியாக, எங்கள் ஊர்ப் பேச்சை எங்கள் வீட்டுப் பெண்கள் பேசுகிற இழுவையோடே பேசினார். சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தவர் 2022 டிசம்பரில், 60 வயதில், 'செம்பி' படத்தில் மலைக்காட்டுப் பாட்டியாக முழுப்படத்தையும் சுமந்தார். அவ்வளவு வருஷம் நமக்காகக் கத்திப் பேசிய குரல், அந்தப் படத்தில் பேத்திக்காகத் தாழ்ந்து பேசுவதைக் கேட்க வேண்டும்.

'அன்னக்கிளி'யில் வாத்தியாராக வந்த சிவகுமார் சூலூர்ப் பக்கம் காசிகவுண்டன்புதூர்க்காரர். அந்த வீட்டுக்கு 2006-ல் மருமகளாக வந்த ஜோதிகா, கல்யாணத்தோடு நடிப்பை விட்டார். எட்டு வருஷத்துக்கு மேல் இடைவெளி. 2015-ல் திரும்பி வந்த படத்தின் பெயர் '36 வயதினிலே', அப்போது அவருக்கு உண்மையிலேயே 36. ஒரு கதாநாயகியின் நிஜ வயதைத் தலைப்பிலேயே போட்டுப் போஸ்டர் ஒட்டிய தமிழ்ப் படம் வேறு எனக்கு நினைவில்லை. 2017-ல் அதே வீட்டின் நிறுவனம் 'மகளிர் மட்டும்' எடுத்தது. பானுப்ரியா, சரண்யா, ஊர்வசி என்று ஒரு காலத்துக் கதாநாயகிகள் மூவரைக் கூட்டி வந்து ஜோதிகாவோடு சேர்த்தார்கள். 1994-ல் கமல் தயாரித்து இதே பெயரில் வந்த படத்திலும் ஊர்வசி இருந்தார். இரண்டு 'மகளிர் மட்டும்' படங்களிலும் நடித்தவர் அவர்.

ஊர்வசியைத் தமிழுக்குக் கதாநாயகியாகக் கொண்டுவந்தவரும் எங்கள் பக்கத்துக்காரர், கோபி வெள்ளாங்கோவில் பாக்யராஜ். 1983-ல் 'முந்தானை முடிச்சு'. ஊர்வசிக்கு 14 வயது. பச்சைக் குழந்தையைத் தாண்டிப் பொய்ச் சத்தியம் பண்ணுகிற பரிமளம். தாண்டுவதற்கு முன்னால் ஒரு தயக்கம், தாண்டிய பிறகு ஒரு திகைப்பு, இரண்டுக்கும் நடுவில் கண்ணில் ஒரு பிடிவாதம். அந்த வயதில் அதை யாரும் சொல்லிக்கொடுத்துவிட முடியாது. 41 வருஷம் கழித்து, 2024-ல், மலையாளத்தில் 'உள்ளொழுக்கு'. குட்டநாட்டில் வெள்ளம். இறந்த மகனைப் புதைக்க முடியாமல், தண்ணீர் வடியும் என்று காத்திருக்கிற தாய் லீலாம்மா. மருமகளாகப் பார்வதி. வீட்டுக்குள் தண்ணீர், சவப்பெட்டி, இரண்டு பெண்கள். மருமகள் மறைத்ததை மாமியார் கேட்கிறாள், மாமியார் மறைத்ததை மருமகள் கேட்கிறாள். கேட்கிற முகங்கள் இரண்டும் எதிரெதிரே உட்கார்ந்தால் ஒரு முழுப் படம் கிடைக்கும் என்பதை அந்தப் படம் காட்டியது. கேமரா விலகிப் போக அங்கே வேறு யாரும் இல்லை. ஊர்வசியின் முகத்தில் ஒரு செய்தி உள்ளே இறங்கி, அடி தொட்டு, வேறொன்றாக மேலே வருவதை முழுசாகப் பார்க்க முடிகிறது. சுஜாதாவுக்கும் ஸ்ரீவித்யாவுக்கும் இரண்டு விநாடி கொடுத்தார்கள். இவருக்கு ஒரு மழைக்காலமே கிடைத்தது.

அந்த நடிப்புக்குக் கேரள அரசு சிறந்த நடிகை விருது கொடுத்தது. 2025-ல் அறிவிக்கப்பட்ட 71-வது தேசிய விருதுப் பட்டியலில் அதே நடிப்பு சிறந்த துணை நடிகை என்று இருந்தது. எந்த அடிப்படையில் என்று ஊர்வசி வெளிப்படையாகவே கேட்டார். கேட்கத்தான் வேண்டும். அத்தனை அம்மாக்களும் கேட்டுக்கொண்டு மட்டுமே நின்ற பிறகு, ஒருத்தர் வாய் திறந்து கேட்டதில் எனக்கு மெத்தச் சந்தோஷம்.

ஸ்ரீவித்யா 2006 அக்டோபரில் போய்விட்டார். சுஜாதா 2011 ஏப்ரலில், 58 வயதில். அத்தையும் இப்போது இல்லை. தொலைக்காட்சியில் 'தளபதி' இன்னும் வந்துகொண்டே இருக்கிறது, அடுத்த வாரமும் வரலாம். வந்தால் எனக்காக ஒன்று செய்யுங்கள். கோயிலில் அந்த ரயில் கூவும்போது ரஜினியைப் பார்க்காதீர்கள். அவரை ஏற்கெனவே நிறையத் தடவை பார்த்துவிட்டீர்கள். அந்த இரண்டு விநாடியும் கல்யாணியைப் பாருங்கள்.